தங்கச்சிக்கு ஒரு மிட்டாய் டப்பா

ஜப்பான் போயிட்டு வந்தவன் புல்லட் ரயில், ரோபோனு அளந்துவிடப் போறான்னு பயப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ்! காலேஜ் புண்ணியத்துல ஒரு வாரம் ஒசாகா டிரிப். கிடைச்ச ஒரே ஞாயித்துக்கிழமையில பசங்க எல்லாம் ஷாப்பிங் கிளம்ப, நான் மட்டும் ஒரு குளத்தைத் தேடிப் போனேன். காரணம், ஒரு கார்ட்டூன் படம்.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' பார்த்திருக்கீங்களா? 1988-ல இசாவோ டகாஹாட்டா எடுத்தது. பார்க்கலைன்னா கர்ச்சீஃபோட உட்காருங்க. 1945-ல கோபே நகரத்து மேல அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு வீச, அம்மாவை இழந்த 14 வயசு செய்ட்டாவும் 4 வயசு தங்கச்சி செட்சுகோவும் பசியோட அலையுற கதை. இதுல கொடுமை என்னன்னா, இதே படத்தோட ஜோடி சேர்த்து ரிலீஸ் பண்ணினது 'மை நெய்பர் டோட்டோரோ'! குண்டு பூதத்தைப் பார்த்துச் சிரிக்க வந்த குட்டீஸோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

ஒசாகா உமேடாவுல ஹான்க்யூ கம்பெனியோட அரக்குக் கலர் ரயில்ல ஏறுங்க. கோபே போற வழியில ஷுகுகாவா ஸ்டேஷன். அங்கேருந்து மேட்டுல நடந்தா நிட்டேகோ குளம். சுத்தி வேலி. நம்ம ஊர்க் குளம் மாதிரி இறங்கிக் கால் நனைக்க முடியாது. வசதியான வீடுகள், அமைதியான தெரு... இங்கே ரெண்டு பசங்க பட்டினி கிடந்தாங்கன்னா நம்ப முடியாது.

கதையை எழுதின அகியூக்கி நோசகா, 1945-ல இந்தப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல குட்டித் தங்கச்சியோட தங்கியிருந்தவர். பின்னாடி அந்தக் குழந்தை பசியிலேயே இறந்துபோச்சு. படத்துல வர்ற அண்ணன் மாதிரி தான் நல்ல அண்ணனா இல்லைன்னு அவரே சொல்லியிருக்கார். பக்கத்துப் பூங்காவுல 2020-ல அந்தக் கதைக்கு ஒரு நினைவுக் கல் வெச்சிருக்காங்க. 1995 நிலநடுக்கத்துல இறந்தவங்களுக்கான நினைவுச் சின்னமும் அதே பூங்காவுலதான்.

'பாம்பி'யில (1942) துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், அம்மா மான் செத்ததைக் காட்ட மாட்டாங்க. 'லயன் கிங்'ல (1994) சிம்பா அப்பாவை முட்டி முட்டி எழுப்பும். டகாஹாட்டா செஞ்சது வேற. அம்மா செத்ததைச் செய்ட்டா தங்கச்சிகிட்ட மறைச்சுக்கிட்டே வருவான். ஒருநாள் காலையில அவ செத்த மின்மினிகளுக்குக் குழி தோண்டிக்கிட்டு இருப்பா. அம்மாவும் குழிக்குள்ளதானே இருக்காங்கனு சாதாரணமா கேட்பா. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்!

அந்த சீன்லதான் நான் மாட்டினேன். எங்க அப்பத்தா இறந்தப்ப எனக்கு 13, தங்கச்சிக்கு 6. அவளைப் பக்கத்து வீட்டுல உட்கார வெச்சு கார்ட்டூன் சேனல் போட்டுவிட்டாங்க. "அப்பத்தா ஆஸ்பத்திரியில இருக்கு, வந்துடும்"னு புளுகினது நான்தான். அப்புறம் அவ கேட்கவே இல்லை. அப்பாடா, தப்பிச்சோம்னு இருந்துட்டேன். போன வருஷம் ரெண்டு பேரும் லேப்டாப்ல இந்தப் படம் பார்த்தோம். மின்மினி சீன்ல, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னா: "எனக்கும் அன்னிக்கே தெரியும்ணே. சங்கு ஊதினது கேட்டுச்சு. கேட்டா நீ அழுதுடுவேன்னுதான் கேட்கலை."

குளக்கரையில அரை மணி நேரம் நின்னேன். மின்மினி ஒண்ணும் இல்லை, நல்ல மத்தியான வெயில்.

திரும்புற வழியில செட்சுகோ வெச்சிருப்பாளே, அந்த மிட்டாய் டப்பாவைத் தேடினேன். சிவப்பு டப்பா கம்பெனியை 2023 ஜனவரியில மூடிட்டாங்களாம். கிட்டத்தட்ட அதே பேர்ல வேற கம்பெனியோட பச்சை டப்பா கிடைச்சுது. ஊருக்கு வந்து கொடுத்தேன். காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பார்த்தா. திறக்காம கொண்டுபோய் அப்பத்தா போட்டோவுக்குக் கீழே வெச்சா.

ரெண்டு நாள் கழிச்சு எடுத்துக் குலுக்கினேன். பாதி காலி!