ஓட்டின் அடியில் 1865

பங்குனி பிறந்ததும் ஓடு பிரித்தோம். சித்திரையில் கோடை மழை எந்த நேரமும் இறங்கும். வைகாசி முடிந்தால் ஆனைமலைப் பக்கமிருந்து சாரல் ஆரம்பித்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்தில் கூரையில் கைவைக்க நினைப்பவர்கள் அதற்குள் முடித்துவிட வேண்டும்.

மேஸ்திரி முதல் ஓட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மேல்புறம் கறுத்து, பாசி காய்ந்து கிடந்தது. திருப்பினேன். அடிப்புறம் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததுபோல் செக்கச் செவேலென்று இருந்தது. நடுவில் ஆங்கில எழுத்துகள்: பேசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், மங்களூர், 1865.

இந்த எண்ணை எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். மழை ஒழுகிய ஓர் இரவில் ஓட்டை மாற்றும்போது அப்பா அரிக்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டியிருக்கிறார். "பாத்துக்கோ, நம்ம வீடு கட்டுன வருசம்." அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வயது 1865-லிருந்துதான் கணக்கு. கல்யாணப் பேச்சுகளில்கூட அது வந்துவிடும்.

ஆனால் வளர வளர ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டைக் கட்டியவர் என் பூட்டன். அவர் 1951-இல் எழுபது வயதில் இறந்தார். அப்படியானால் வீடு கட்டிய ஆண்டில் அவர் பிறந்திருக்கவே மாட்டார். அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "ஓட்டுலயே எழுதியிருக்குதே" என்றார். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

இப்போது வீடு திறந்து கிடந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் சுற்றுவட்டாரத்து ஓடுகளைப் பார்க்கக் கிளம்பினேன். பக்கத்துத் தோட்டத்தில் ஆட்டுப்பட்டியின் மேல் பழைய சீமை ஓடு கிடந்தது. திருப்பினால் 1865. அடுத்த ஊரில் இடிந்து கிடந்த ஒரு களத்துச் சாளை, அதிலும் 1865. மூன்றாவதாக ஒரு பழைய தேங்காய்க் கிடங்கு. அங்கேயும் அதே எண். இத்தனை பேர் ஒரே ஆண்டில் ஓடு போட்டார்களா? மூன்றாவது ஓட்டைக் கீழே வைத்தபோதே புரிந்துவிட்டது. அது ஓடு சுட்ட ஆண்டே அல்ல. தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு.

மிஷனின் வரலாற்றைப் படித்தபோது அது உறுதியானது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்து மிஷன் அது. மதம் மாறியதால் குலத்தொழிலை இழந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று நெசவும் அச்சும் நடத்திக்கொண்டிருந்தது. அச்சகத்தைக் கவனிக்க வந்த கேயோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர், நேத்ராவதிக் கரையின் களிமண்ணைப் பார்த்துவிட்டு 1865-இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஓட்டின் வடிவம் அவருடையது அல்ல. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஆல்ட்கிர்ஷ் ஊரைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது. ஓரத்தில் பள்ளம், மறு ஓரத்தில் வரப்பு. ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். அடியில் ஒரு மூக்கு. அது ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். நாட்டு ஓட்டை வருடா வருடம் ஏறிப் பிரித்து அடுக்குகிற வேலையை இந்த மூக்கும் பள்ளமும்தான் ஒழித்தன. வடிவம் அல்சாஸ், மண் நேத்ராவதி. நாம் அதற்குச் சீமை ஓடு என்று பெயர் வைத்தோம்.

சரி, 1865 இல்லை. அப்படியானால் எப்போது?

இரும்புப் பெட்டியில் இருந்த பத்திரங்களைக் கொட்டிப் பார்த்தேன். 1906-இல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பூட்டனின் பங்காக நான்கெல்லை சொல்லி, "கூரை வீடும் தொழுவமும்" என்று எழுதியிருந்தது. ஓட்டு வீடு அல்ல, கூரை வீடு. ஆக, 1906 வரை எங்கள் தலைக்கு மேல் பனையோலைதான் இருந்திருக்கிறது. அதற்குப் பிந்திய தாள் ஒன்றுகூட வீட்டைப் பற்றிப் பேசவில்லை. நிலம், கிணறு, தென்னை, கடன். நாலு நாள் இதிலேயே போயிற்று. மேலே மேஸ்திரி ரீப்பரை உருவிக்கொண்டிருந்தார். கீழே நான் கரையான் தின்ற தாள்களை விரித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்தது அத்தை ஒருத்திதான். எண்பத்தெட்டு வயது. ஆனைமலையில் மகன் வீட்டில் இருக்கிறாள். பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனேன்.

"அத்தை, வீடு 1865-ல கட்டுனது இல்லீங்க."

"ஓட்டுல போட்டிருக்குதில்ல கண்ணு?"

தொழிற்சாலைக் கதையைச் சொன்னேன். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். பூட்டனின் வயதைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "காயிதம் எழுதறவன் ஆயிரம் எழுதுவான். சுட்ட மண்ணு பொய் சொல்லுமா?" என்றாள். மறுநாளும் போனேன். அதே பதில். மூன்றாம் நாள் ஆண்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன். "ஓடு எப்படி வந்துச்சுங்க அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

முகம் மாறிவிட்டது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாலக்காட்டுல இருந்து வண்டி கட்டிட்டு வந்தாங்க. ஒம்பது வண்டி. வைக்கப்புல்லு போட்டு, ஓட்ட நிறுத்தி நிறுத்தி அடுக்கி. ரெண்டு ராத்திரி வழியில. விடியக்காலம் வந்து நிக்கறாங்க. ஒம்பது வண்டின்னா பதினெட்டு மாடு. பதினெட்டுக்கும் எங்க அப்பத்தாதான் கெணத்துல தண்ணி சேந்தி ஊத்துனாங்க. கையெல்லாம் கொப்புளம். அப்புறம் ஒம்பது பேருக்கும் களி கிண்டிப் போட்டாங்களாம். சாகறவரைக்கும் சொல்லுவாங்க. ஒம்பது வண்டி, பதினெட்டு மாடு."

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஓட்டைத் தராசில் வைத்தேன். இரண்டரைக் கிலோ. இறக்கி அடுக்கியிருந்ததை எண்ணினேன்: உடைந்தவற்றையும் சேர்த்து 1,412. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ. ஒன்பதால் வகுத்தால் வண்டிக்கு ஏறக்குறைய 390 கிலோ. உடையக்கூடிய சரக்கை மேடு பள்ளமான மண்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் இழுக்க, இரண்டு மாட்டுக்கு அளவான பாரம். ஐந்து வண்டி என்று சொல்லியிருந்தால் பாரம் கூடியிருக்கும். இருபது என்றிருந்தால் வண்டி வெறுமையாக ஆடியிருக்கும். நூறாண்டு கழித்து, தண்ணீர் சேந்திய கையின் கணக்கு தராசில் நின்றது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? இரவில் வானம் பார்த்துக் கிடந்த நடுவீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டும் அந்த வண்டிகளிலிருந்தே வந்தது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1915-இல். ரயில் வந்திருந்தால் பாலக்காட்டுக்கு எதற்கு வண்டி கட்டவேண்டும்? முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசு, ஜெர்மன் தொடர்பைச் சொல்லி மிஷனின் தொழில்களைப் பிடுங்கிக்கொண்டது. 1919-இல் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போயின. ஓட்டின் முத்திரையும் மாறியது. எங்கள் ஓட்டில் இருப்பது பழைய முத்திரை. இன்னொரு பக்கம், மங்களூருக்கு ரயில் வந்ததே 1907-இல்தான். அதன் பிறகு தொழிற்சாலையிலிருந்து பாலக்காடு வரை ஓடு தண்டவாளத்திலேயே வந்து சேரலாம். 1907-க்கும் 1915-க்கும் இடையில் ஒரு விடியற்காலையில் அந்த ஒன்பது வண்டிகளும் எங்கள் வாசலில் நின்றிருக்கின்றன என்பது என் முடிவு.

இதற்கிடையே உறவினர் ஒருவர் கலர் ஷீட் போட்டுவிடச் சொன்னார். செலவு குறைவு, இரண்டே நாளில் முடியும் என்றார். தேடத் தொடங்குவதற்கு முன்பு எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. மேஸ்திரிதான், "ஓட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்க. மரந்தான் போயிருச்சு" என்றார். உண்மை. கைமரத்தைச் செல் அரித்திருந்தது. ஓட்டை விரலால் சுண்டினால் வெண்கலம்போல் ஒலித்தது. மரத்தை மட்டும் மாற்றினோம். தென்னை நார் பிரஷ்ஷால் ஒவ்வோர் ஓட்டையும் தேய்த்துக் கழுவினோம். உடைந்தவை 83. அவற்றுக்குப் பதில், நெகமம் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து வாங்கி வந்தோம். அவற்றின் அடியில் காமன்வெல்த் என்று இருந்தது. அவற்றைத் தெற்குச் சரிவில் ஓரிடமாகப் போடச் சொன்னேன், பின்னால் பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று.

சித்திரை இரண்டாம் வாரம் முதல் மழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். "ஆயிரத்தி எட்டுநூத்தி அறுபத்தஞ்சு ஓடாச்சே" என்றாள். நான் மறுக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஓடு பிரிக்கிறார்கள் என்றால், லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அதில் 1865 என்று இருந்தால் அது வீட்டின் வயதல்ல. வீட்டின் வயது தெரியவேண்டுமானால், வீட்டில் மூத்தவரிடம் போய், எத்தனை வண்டி வந்தது என்று கேளுங்கள்.