தாயமும் ஒரு குகைக் கதவும்

போன வாரம் எழுமலைக்குப் போயிருந்தேன் மக்களே. திண்ணையில் அம்மாவும் அத்தையும் தாயம் ஆடிக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்குத் தாயம் விழுந்ததும் ஒரே கூச்சல். எனக்கோ பழைய வியாதி கிளம்பிடுச்சு.

காலேஜ் ஹாஸ்டலில் நாங்க நாலு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பைத்தியம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் கொண்டுவந்த ஆட்டம். ஒருத்தன் கதை சொல்வான். மத்தவங்க அதுக்குள்ள வீரனாவோ மந்திரவாதியாவோ நடமாடணும். நடக்கப்போறதை 20 பக்கப் பகடை முடிவு பண்ணும். தாயத்துல 1 விழுந்தாத்தான் காய் இறங்கும். இங்க 1 விழுந்தா வீசின வாள் கண்டிப்பா தப்பும்!

2014-ல் அடிப்படை விதிகளை நெட்டில் இலவசமா விட்டாங்க. பிரிண்ட் எடுத்தோம். பகடை வாங்கக் காசில்லை. 1 முதல் 20 வரை எழுதின துண்டுச்சீட்டு, ஒரு டிபன் பாக்ஸ், அவ்வளவுதான்.

என் வீரன் பேர் மாயாண்டி. கடைசி செமஸ்டரில் ஒரு குகைக் கதவு முன்னாடி நின்னான். அப்புறம் பரீட்சை, வேலை, ஆளுக்கொரு ஊர். பாவம், இன்னும் அங்கேயேதான் நிக்கிறான்.

எல்லாம் விட்டாச்சுன்னு நினைச்சிருந்தேன். ஆனா ஒரு பொய்யை நாலு பேர் சேர்ந்து நம்பி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பதறினோமே... வேலைக்கு வந்த பிறகு அது கிடைக்கவே இல்லை.

அன்னைக்கே கதை சொன்னவனுக்கு ஃபோன் போட்டேன்.

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னடா வச்சிருந்த?"

"சீட்டு எடுக்காம எப்படி மாப்ள சொல்றது?"

பொங்கலுக்கு வர்றானாம். டிபன் பாக்ஸைத் தேடணும் :-)