கோவை மார்கழி போதும்

கோயம்புத்தூர் மார்கழி எனக்குப் போதும். விடியற்காலையில் ஒரு மெல்லிய போர்வை, கொஞ்சம் பனி, எட்டு மணிக்கெல்லாம் முதுகில் சுள்ளென்று வெயில். பக்கத்து வீட்டுக்காரர் இதற்கே மப்ளரைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறார். “நீங்க ஊட்டிக்காரர், உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரா சார்?” என்று வேறு கேட்பார். இந்த அளவில் இருந்தால்தான் அதை ரசிக்க முடிகிறது என்பேன். அவருக்கு நம்பிக்கை வராது.

நான் ஊட்டி காந்தலில் வளர்ந்தவன். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். ஆனால் மேடு ஏற ஏற உறைபனி கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிக்கொள்ளும். மேட்டு வீட்டுக்காரர்கள் தப்பிக்க, காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானமெல்லாம் உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் வெளுத்துக் கிடக்கும். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. தேயிலைச் செடி கருகும், உருளைக்கிழங்குச் செடி கருகும்.

சுற்றுலா வந்தவர்கள் அதைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது வேலை. கொடியில் மறந்துபோன சட்டை விறைத்து நிற்கும். தேங்காய் எண்ணெய் எப்போதும் கட்டிதான்; பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் பாட்டிலை அடுப்போரம் வைத்துக் காத்திருக்க வேண்டும். பின்கட்டில் வெந்நீர் பாய்லர். அதற்குச் சீகை விறகு. பச்சையாக இருந்துவிட்டால் புகைதான் மிச்சம். ராத்திரி கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்தால், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லி அப்பாவைப் பெற்ற ஆத்தா கத்துவாள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்து, கரிப்புகையில் தூக்கத்திலேயே போனவர்களை அவளுக்குத் தெரியும்.

அம்மாவின் விரல்களைத்தான் மறக்க முடியவில்லை. பாத்திரம் தேய்க்கக்கூட வெந்நீர் போடுவதென்றால் விறகு கட்டுப்படியாகாது. பச்சைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கணுவெல்லாம் சிவந்து வீங்கியிருக்கும். வலி பகலில், ராத்திரி கம்பளிக்குள் சூடு ஏறியதும் அரிப்பு. இருட்டில் அவள் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். விடிந்ததும் முதல் டீ அவளுக்குக் குடிப்பதற்கல்ல, பிடித்துக்கொள்வதற்கு. டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். ஆறிப்போன பிறகு ஒரே மடக்கு.

அப்பாவுக்கு இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் ஷிப்ட். பிலிம் செய்யக் குளிரும் தூசியில்லாத காற்றும் தோதாம். மங்கி குல்லாவுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு அவர் கிளம்பும்போது, “பிலிமுக்குப் பிடிச்ச குளிரு எம்மவனுக்குப் பிடிக்கலையே” என்பாள் ஆத்தா. அதற்கும் முன்னாலேயே, இருட்டோடு இருட்டாக, கேரட் பிடுங்கும் பெண்கள் எங்கள் தெரு வழியே ஜீப்பில் போயிருப்பார்கள். மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டுமே. குளிரைப் பற்றி யாராவது உருகி எழுதினால் எனக்கு அந்த ஜீப்தான் ஞாபகம் வரும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் சூடான இடம் சமையற்கட்டு ஒன்றே என்பதால் எல்லோரும் அங்கேதான் கிடந்தோம். வீட்டுப்பாடம், சண்டை, வர்க்கியை டீயில் தோய்ப்பது, ஆத்தாவின் புறணி எல்லாம் அந்த எட்டடிக்குள். இங்கே ஆளுக்கு ஓர் அறை. மார்கழியிலும் யாருக்கும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டிய அவசியமில்லை. ஆத்தா இல்லை, அப்பா இல்லை, அந்தத் தொழிற்சாலையும் மூடியாயிற்று. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, விரல்கள் தேறிவிட்டன. திரும்பிப் போகலாமா என்று ஒருமுறை கேட்டேன். “உனக்கென்ன பைத்தியமா?” என்றாள்.

அண்ணன் மட்டும் காந்தலை விடவில்லை. டிசம்பர் பிறந்தால் போன் வரும்: “டேய், மைதானம் பூரா வெள்ளையாக் கெடக்கு, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போயேன்டா.” ஏப்ரலில் வருகிறேன் என்பேன். ஏப்ரலில் ஊட்டிக்கு யார்தான் வர மாட்டார்கள் என்று திட்டுவான்.