விரலுக்குத் தெரிந்த இடம்

ரத்தநாள அறுவை மருத்துவனாக இருந்து போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் ஓர் இளம் மருத்துவர், "சார் காலத்தில் வயிற்றையே திறந்தார்கள், இப்போது தொடையில் ஓர் ஊசித் துளை போதும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தத் துளை வழியே தமனிக்குள் வைக்கும் ஸ்டென்டை நான் குறை சொல்லவில்லை. பலருக்கு அதுதான் சரி. ஆனால் சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்திலேயே சுண்ணாம்பு பாறையாக முளைத்து, பெருந்தமனியை அடைத்து நிற்பதும் உண்டு. 1984இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் அதைப் பவளப்பாறை என்றே எழுதினார்கள். அங்கே பலூனை ஊதினால் சுவர் கிழிந்துவிடலாம்.

அப்படி ஒருவர் வந்தார். நாற்பது வருடப் பீடி. நாலு எட்டு வைத்தால் இடுப்பும் தொடையும் இறுகிவிடும். இரண்டு தொடை இடுக்கிலும் நாடி இல்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெரிஷ் 1923இல் எழுதியது அப்படியே.

அடைபட்ட தமனிக்கு மாற்றாக டேக்ரான் என்ற செயற்கைக் குழாயைத் தைக்க யாரும் பழகிக்கொள்ளலாம். ரத்தத்தை நிறுத்தும் கிளாம்பை எங்கே போடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. என் ஆசிரியர் கிளாம்பைக் கையில் தரவே மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தமனியைப் பிடித்து, மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாகத் தடவச் சொல்வார். "முன்சுவரை நம்பாதே தம்பி. முதுகெலும்பை ஒட்டின பின்சுவரைக் கேள்." முன்னால் ரப்பர் போல அமுங்கும் இடத்தில், பின்னால் ஓட்டாஞ்சில்லு மாதிரி நெருடும். பக்கவாட்டில் இறுக்கினால் அந்தச் சில்லு உடைந்து சுவரைக் குத்தும். மெத்தென்ற முன்சுவர் கெட்டியான பின்சுவர்மேல் படியும்படி திருப்பிப் போட வேண்டும். ஸ்கேனில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். எது அமுங்கும், எது நொறுங்கும் என்பது விரலுக்குத்தான் தெரியும்.

இந்த நோயாளிக்கு மெத்தென்ற இடமே கிடைக்கவில்லை. உதரவிதானத்துக்குக் கீழே ஏறிப் போய்ப் பிடித்தேன். அப்போது சிறுநீரகத்துக்கும் ரத்தம் நின்றுவிடும், 30 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். நர்ஸ் நிமிடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாறையைப் பெயர்த்ததும் எஞ்சிய சுவர் நனைந்த காகிதம் போலிருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் டெஃப்லான் துண்டு வைத்துத் தாங்கினேன். 26 என்றபோது கிளாம்ப் சிறுநீரகத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இப்படித் தடவிப் பழக வாய்ப்பே கொடுப்பதில்லை. அவர்களும் கேட்பதில்லை. ஓய்வுக்கு முந்தைய வாரம், விழாவில் பேசிய அதே பிள்ளை ஒரு நோயாளியின் ஸ்கேனைத் திரையில் ஓட்டிக் காட்டினார். தொடை நாடி எப்படி என்று கேட்டேன்.

"டாப்ளர் எழுதியிருக்கோம் சார்."

போர்வையை விலக்கி, அவர் கையைப் பிடித்து அங்கே வைத்தேன்.