வரிசையில மேலே எதைப் போடறது?

போன ஆடியில மஞ்சள் காட்டுல களை வெட்டு நடந்துட்டு இருந்தப்பதான் எம்மகளுக்கு என்ஜினியரிங் கலந்தாய்வு வந்துச்சுங்க. 2018-க்கு முன்னாடின்னா இதுக்கு மெட்ராஸ் போகணும். அண்ணன் மகனுக்கு நாந்தான் துணைக்குப் போனேன். திரையில ஒவ்வொரு சீட்டா காலியாகறதைப் பார்த்து அவனுக்கு முன்னாடி எனக்கு வேர்த்துப் போச்சு. இப்ப வீட்டுலயே கம்ப்யூட்டர்ல காலேஜையும் பாடத்தையும் வரிசையா போட்டுப் பூட்டிட்டா சரி.

டவுன்ல ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கட்-ஆஃப் 200-க்கு 172. "கிண்டியெல்லாம் வீணா போடாதீங்க, கிடைக்கறதை மேலே போடுங்க"ன்னு சொல்லி, அவரே ஒரு காலேஜ் பேரைச் சொன்னார். "பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, நான் போட்டுடறேன்"ன்னார். எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. மண்டியில ரொம்ப விலை சொன்னா வியாபாரி நகர்ந்துடுவானில்ல? பாப்பா பேப்பரைச் சுருட்டிட்டு எந்திரிச்சிருச்சு.

வரப்புல உட்கார்ந்துதான் எனக்கு விளக்குச்சு. "முறைத் தண்ணி மாதிரிப்பா. ரேங்க்படி முறை வரும். நம்ம முறை வந்ததும் நம்ம லிஸ்ட்டை மேலேருந்து ஒண்ணொண்ணா பார்க்கும். முதல்ல இருக்கிறது காலியா இருந்தா அதைக் கொடுக்கும், இல்லேன்னா அடுத்தது. மேலே பெருசா எழுதினதால கீழே இருக்கிறது போகாது. ஆனா சுலபமானதை மேலே போட்டா, அதையே கொடுத்துட்டு கீழே எட்டிக்கூடப் பார்க்காது."

அந்த ஆள் சொன்ன காலேஜ் ஏன் மேலே வரணும்னு அப்பத்தான் உறைச்சுது.

அது முதல்ல எழுதி வெச்சிருந்தது கிண்டியில வேளாண்மை நீர்ப்பாசனப் பொறியியல். காட்டு வேலையே வேண்டாம்னுதானே கண்ணு படிக்க வெச்சேன்னு எனக்குக் கோபம். ரெண்டு நாள் பேச்சில்லை. கடைசியில எனக்காக நாலாவதா ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுச்சு. மத்ததெல்லாம் தண்ணி, மண்ணு, சிவில்.

கிடைச்சது பதினொண்ணாவது, சிவில். இதையே எடுத்துக்கலாம், இல்லே இதை வெச்சுக்கிட்டு மேலே காலியானா மாறிக்கலாம். அப்படி மாறினா கையில இருக்கிறது தானா போயிடும், திரும்பி வராது. பூட்டின வரிசையையும் இனி மாத்த முடியாது. மேலேதான் அந்த நாலாவதும் இருக்கு.

"என்னப்பா பண்றது?"ன்னு கேட்டுச்சு. விரல் ஸ்கிரீன்மேல நிக்குது. "உன் வரிசைதானே, ஏறிப் பாரு கண்ணு"ன்னேன்.

அந்த வாரம் பூரா மடை திருப்பும்போதெல்லாம் அந்த நாலாவது மட்டும் வந்துடக்கூடாதுன்னே நினைப்பு. வேணும்னு சண்டை போட்டு எழுத வெச்சவனே நான்தான். களை வெட்ட வந்த அம்மிணிங்க சிரிச்சாங்க.

எட்டாவது வந்துச்சு. அதுவும் சிவில்தான். வாசல்லேர்ந்தே கத்திச் சொல்லுச்சு, நான் மோட்டாரை நிறுத்தக்கூட மறந்துட்டேன்.