சுருட்டும் வாசகரும்

வெளிநாடு சென்று மீண்ட நண்பரொருவர் கியூபாவின் மொன்ரிகிறிஸ்ரோச் சுருட்டொன்றை நமக்கு அளித்தார். 2000ஆம் ஆண்டு முதல் அளவோடு வெளியிடப்படும் உயர்ரகம்; ஆண்டு பொறித்த கரும்பொன் வளையம் அதற்கு அடையாளம். கருமை படர்ந்த மேலிலை ஈராண்டேனும் கிடந்து பதப்பட்டது. பற்றவைத்தோம். முதலிற் கொக்கோவின் இனிய கசப்பு, பின்னர் மரவாசனை, ஈற்றில் மிளகின் காரம். சாம்பல் உதிராது இறுகி நின்றது. கோடாச் சுருட்டின் வீச்சுக்குப் பழகிய நமக்கு இது சற்றே சாதுவானதுதான், எனினும் நன்று.

ஆயின், சுவைஞர் இடும் புள்ளிகளுள் அடங்காத ஒன்றுண்டு. 1865இல் ஹவானாவின் எல் பிகரோ தொழிற்சாலையிலே, சுருட்டுச் சுற்றுவோர் தம் கூலியிலிருந்தே பணந்திரட்டி வாசகர் ஒருவரை அமர்த்தினர். கைகள் இலையைச் சுற்ற, செவிகள் பத்திரிகையையும் நாவலையும் கேட்டன. மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதனைத் தடைசெய்தது. அவ்வாட்சி அஞ்சியது புகைக்கல்லவே! வழக்கமோ மீண்டெழுந்து இன்றும் நிலைத்துள்ளது. 1935இல் தோன்றிய இச்சுருட்டுக்குப் பெயர் தந்ததும், தொழிலாளர் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலே என்பர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர் கேட்டவாறே சுற்றியதுண்டு.

சுருட்டு வந்த பெட்டியின் அடிப்புறத்தையும் நண்பர் காட்டினார். தொழிற்சாலையின் குறியீடும், பெட்டியிலடைத்த மாதமும் ஆண்டும் அங்கே பதிந்திருந்தன. சுற்றியவரின் பெயரைத் தேடினோம், இல்லை.