சதுரங்கமும் கணிப்பொறியும்

அறுபத்து நான்கு கட்டங்களும் முப்பத்திரண்டு காய்களும் கொண்ட சதுரங்கம், பாரதநாடு உலகிற்கு அளித்த கொடைகளுள் ஒன்று. திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் இறைவனே சதுரங்க வல்லபநாதர் என்னும் திருப்பெயர் தாங்கி எழுந்தருளியிருக்கிறார். நாம் குடியேறி வாழும் கொல்கத்தா மாநகரும் இவ்விளையாட்டிற்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், மகேசசந்திர பானர்ஜி என்னும் வங்காளியரோடு பலநூறு ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பிய வழக்கத்திற்கு மாறாகப் பானர்ஜி ஆட்டத்தைத் தொடங்கிய முறையே, பிற்காலத்தில் 'இந்தியத் தற்காப்பு' எனப் பெயர் பெற்ற ஆட்டமுறைகளுக்கு முன்னோடியாயிற்று.

இத்தகைய விளையாட்டைக் கணிப்பொறி ஒருநாள் முற்றிலும் தீர்த்துவிடுமா? இவ்வினாவை ஆராயப் புகுமுன் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வெல்லுதல் வேறு; தீர்த்தல் வேறு. 1997ஆம் ஆண்டில் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி, உலக வாகையர் காஸ்பரோவை வென்றது. இன்றோ சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியே வாகையரை வெல்லும். எனினும் இது தீர்த்தல் ஆகாது. இருவரும் பிழையின்றி ஆடினால் வெள்ளை வெல்லுமா, கறுப்பு வெல்லுமா, சமநிலையில் முடியுமா என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவுவதே தீர்த்தலாகும். இம்மூன்றுள் ஒன்றே உண்மையாதல் வேண்டும் என 1913ஆம் ஆண்டிலேயே செர்மெலோ என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் காட்டினார். அஃது எது என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை.

தடையாக நிற்பது எண்ணிக்கையே. சதுரங்கத்தில் ஆடக்கூடிய ஆட்டங்கள் 1-க்குப் பின் 120 சுழிகள் இட்ட அளவினவாகும் என 1950ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் மதிப்பிட்டார். பலகையில் தோன்றக்கூடிய நிலைகளை மட்டும் எண்ணினாலும் அத்தொகை 44 சுழிகளைத் தாண்டும். அதே பலகையில் ஆடும் செக்கர்ஸ் என்னும் எளிய ஆட்டத்தின் நிலைகளுக்கு 20 சுழிகளே. அதனையும், தேவையற்ற கிளைகளையெல்லாம் வெட்டிக் கழித்து, 'சமநிலை' என்று நிறுவுவதற்குக் கனடா நாட்டு ஜொனாதன் ஷேஃபர் குழுவினருக்கு 1989 முதல் 2007 வரை ஆயிற்று. ஆகவே, இன்றறிந்த வழிகளால் சதுரங்கம் முழுவதையும் தீர்த்தல் இயலாது என்றே கூறத் தோன்றுகிறது.

ஆயினும் ஒரு சிறு மூலை தீர்க்கப்பட்டுவிட்டது. அரசர் இருவரையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்களே எஞ்சியிருக்குமானால், முடிவு என்ன என்பதற்கு விடை ஆயத்தமாக உள்ளது. ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கிக் கணித்து, 2012ஆம் ஆண்டில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பெருங்கணிப்பொறியில் இவ்வட்டவணைகளை முடித்தனர். அவற்றுள் சில நிலைகளில் வெற்றி உறுதி. ஆனால் அது 500க்கும் மேற்பட்ட நகர்த்தல்களுக்குப் பின்னரே கிட்டும். அந்நகர்த்தல்கள் ஏன் என்று வினவினால் பேரறிஞரும் திகைப்பர். அட்டவணையில் விடை உண்டு, விளக்கம் இல்லை.

எம்போன்ற குமாஸ்தாக்களுக்கு இது பழகிய செய்தி. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணை மேசைமேல் இருக்கிறது. நிலையைப் பார்த்து விரலைக் கீழே இறக்கினால் ஊதியம் தெரிந்துவிடும். பழைய ஊதியத்தை 2.57 ஆல் ஏன் பெருக்கினர் என்று புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால், விளக்குவதற்கு விவரமறிந்த மூத்தவர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. அட்டவணை அம்மூத்தவரின் இடத்தை நிரப்புவதில்லை.

எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள், "கைப்பேசிக்கே எல்லாம் தெரியுமென்றால் நான் எதற்கப்பா கற்க வேண்டும்?" என்று கேட்டுச் சதுரங்க வகுப்பை நிறுத்த முனைந்தாள். நம் இல்லங்கள் பலவற்றிலும் இக்கேள்வி எழுந்திருக்கும். சதுரங்கத்தோடு அது நிற்கப்போவதுமில்லை. நான் அவளுக்குக் கூறியது சென்னையைச் சேர்ந்த குகேஷின் வரலாற்றையே. கிராண்ட்மாஸ்டர் நிலையை எய்தும்வரை கணிப்பொறியின் துணையின்றியே பயிற்சி பெறுமாறு அவரைப் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா வழிநடத்தினார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், இறுதியான பதினான்காவது ஆட்டம் சமநிலையை நோக்கிச் செல்வதாகவே கணிப்பொறிகள் காட்டின. குகேஷோ சலியாமல் ஆடிக்கொண்டேயிருந்தார். சீனத்து டிங் லிரன் தம் யானையைப் பிழையாக நகர்த்தினார். பதினெட்டு வயது இளைஞர் உலக வாகையரானார்.

எனவே சதுரங்கம் என்றேனும் தீர்க்கப்பட்டாலும் நாம் அஞ்சவேண்டுவதில்லை. அன்று கிடைப்பது மிகப்பெரிய ஓர் அட்டவணை, அவ்வளவே. விடையைப் பார்த்தறிதல் ஒரு நொடியில் முடியும். விடைக்குரிய காரணத்தைத் தானே தேடிக் காண்பது பல்லாண்டுப் பயிற்சி. அதுவே பிள்ளையின் அறிவை வளர்ப்பது. கைப்பேசியைத் தொடுமுன் கால்மணி நேரமாவது தாமே சிந்திக்கும் பழக்கத்தை நம் மக்களுக்கு ஊட்டுவோமாக. பலகையின் முன் அமர்ந்து கன்னத்தில் கைவைத்து எண்ணும் குழந்தைக்கு ஒவ்வோர் ஆட்டமும் இன்னும் தீராத புதிரே.